மாடி வீட்டுத் துபாஷி

திருவண்ணாமலை செங்கம் சாலைக் கடைகளில் வெளிநாட்டு அம்மாக்கள் சாமான் வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரரிடம் பேசுவது பெரும்பாலும் இடுப்பளவு உயரம் இருக்கிற பிள்ளைதான். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜப்பானியப் பெண்ணுக்கும் அப்படியே. ஏழு வயது மகன் முன்னால் போய் நின்று, "இன்னாண்ணா, நேத்து தேங்கா முப்பதுன்ன, இன்னிக்கு முப்பத்தஞ்சுன்ற?" என்பான். பின்னால் அவன் அம்மா, பேரம் நடப்பதே தெரியாமல் கடைக்காரருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். கடைக்காரரும் பதிலுக்குக் குனிவார். குனிந்த கூச்சத்தில் அஞ்சு ரூபாய் குறைந்ததும் உண்டு.

அந்த அம்மா இந்த ஊருக்கு வந்தது ரமண மகரிஷிக்காக, மலைக்காக. பையன் வந்தது அம்மா வந்ததால். ரமண நகர் பக்கம் திரியும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், கொரியப் பிள்ளைகள், இஸ்ரேல் பிள்ளைகள் எல்லோருடைய கதையும் இதுதான். பெற்றவர்களுக்கு ஞானம் வேண்டும். பிள்ளைக்கு ஞானமா கேட்டது? சைக்கிளுக்குக் காற்றடிக்க ஆளும் விளையாட நாலு பேரும் இருந்தால் போதும். அது கிடைத்த மூன்றாம் மாதம் அவன் ஊர்க்காரன் ஆகிவிடுகிறான். அம்மாவும் அப்பாவும் பத்து வருஷம் கிரிவலம் போனாலும் விருந்தாளிதான்.

இது திருவண்ணாமலை விசேஷம் என்று நினைத்திருந்தேன். என் தங்கை டோக்கியோவுக்குக் குடிபோன பிறகு அந்த நினைப்பு போயிற்று. எடோகாவா வார்டில் நிஷி-கசாய் என்ற பகுதியில் இருக்கிறாள். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது கம்ப்யூட்டர்களில் தேதிக் கோளாறு வரப்போகிறது என்று உலகமே பயந்ததே, அந்த வேலைக்காகப் போன நம் சாஃப்ட்வேர் பிள்ளைகள் வேரூன்றிய இடம் அது. மளிகைக்கடையில் துவரம் பருப்பு கிடைக்கும். 2004-லேயே டோக்கியோவில் இந்தியப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை, "இங்கே வந்துட்டு எதுக்கு அதே சிலபஸ்?" என்று பையனைப் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் சேர்த்தார். அன்றிலிருந்து வீட்டு அதிகாரம் கைமாறிவிட்டது.

அங்கே பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு நோட்டு தினமும் போய்வரும். ரென்ராகுச்சோ என்பார்கள். நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், பையன் எப்படி நடந்துகொண்டான், எல்லாம் அதில் இருக்கும். தங்கைக்கு எழுத்து தெரியாது. பையன்தான் படித்துச் சொல்வான். "டீச்சர் என்னடா எழுதியிருக்காங்க?" "நல்லா ஓடினேன்னு எழுதியிருக்காங்கம்மா." ஒரு நாள் சந்தேகம் வந்து போனை அதன்மேல் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறாள். ஓடியது உண்மைதான், பாடம் நடக்கும்போது வராந்தாவில்.

சாப்பாடு இன்னொரு பஞ்சாயத்து. பள்ளியிலேயே எல்லோருக்கும் ஒரே மதிய உணவு. பிள்ளைகளே வெள்ளைக் குல்லா போட்டுக்கொண்டு பரிமாறுவார்கள். காய்கறி சூப்பாகத்தான் தெரியும், அடியில் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். தங்கை வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பள்ளியில் பேசி, வீட்டிலிருந்து டப்பா அனுப்ப அனுமதி வாங்கினாள். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் போயிற்று. ஆசிரியர் முகம் சுளிக்கவில்லை, பிள்ளைகளும் கேலி செய்யவில்லை. ஆனால் முப்பது பேர் ஒரே மாதிரித் தட்டில் சாப்பிடும்போது தான் மட்டும் எவர்சில்வர் டப்பாவைத் திறப்பது பையனுக்குப் பிடிக்கவில்லை. இப்போது சூப்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுகிறானாம். அப்படித்தான் தங்கை மாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

அந்த மாமியார் ஒரு தடவை போய்விட்டு வந்து பொங்கித் தீர்த்தார்: "பிள்ளைங்க கையில துடைப்பத்தைக் கொடுத்துக் கூட்டச் சொல்றாங்கடி!" ஜப்பானில் வகுப்பறையையும் படிக்கட்டையும் பிள்ளைகள்தான் தினமும் பெருக்கித் துடைக்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக் கழிப்பறை கழுவச் சொன்னால் அது பத்திரிகையில் வரும், தலைமையாசிரியர் சஸ்பெண்ட் ஆவார். ஆகத்தான் வேண்டும் என்பேன். ஏனென்றால் இங்கே எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் துடைப்பம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். டாக்டர் மகனும் லாரி டிரைவர் மகனும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டுத் தரை துடைக்கிற பள்ளி என்றால் நானே துணி வாங்கித் தருவேன்.

அயலூரில் பிள்ளை வளர்ப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு மூத்த உதாரணம் உண்டு. ஆர்தர் ஆஸ்பர்ன் பெயரை ரமணரைப் படித்தவர்கள் அறிவார்கள். 1954-ல் ரமணர் வரலாற்றை எழுதியவர், 1964-ல் ஆசிரமத்தின் ‘மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவர். அவர் மனைவி லூசியாவைப் பற்றித்தான் எனக்கு யோசனை. லூசியா போலந்துக்காரர். ஆர்தர் பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியர். 1941-ல் விடுமுறைக்கு மூன்று குழந்தைகளோடு இந்தியா வந்தார்கள். குடும்பம் திருவண்ணாமலையில் தங்கியது, ஆர்தர் வேலைக்குத் திரும்பினார். அந்த டிசம்பரில் ஜப்பான் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. ஆங்கிலேயர் என்று அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். 1945-ல் யுத்தம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தார்.

கணவர் ஜப்பானியர் கையில், பிறந்த நாடு ஜெர்மானியர் கையில், மடியில் மூன்று குழந்தைகள், கண்ணெதிரே மலை. ஆன்மிகப் புத்தகங்களில் இந்த நான்கு வருஷம் நாலு வரியில் முடிந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியெல்லாம் அந்த நாலு வரிக்குள் எங்கே அடங்கும்?

குழந்தைகளோ ஆசிரமத்தில் செல்லம். மூத்தவள் கிட்டி முதன்முதலில் பழத்தட்டோடு ஹாலுக்குள் வந்தபோது, காணிக்கை வைக்கும் குட்டை மேஜையை ரமணர் சுட்டிக் காட்டினாராம். தன்னைத்தான் உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து, தட்டோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஹாலே சிரித்தது, தன்னையே காணிக்கையாகக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். சின்னப் பையன் ஆடம் அப்பா திரும்பி வர வேண்டிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்ட ரமணர், அவன் வேண்டுதலாலேயே அப்பா வந்துவிடுவார் என்று சொன்னதாக ஆசிரம வட்டாரத்தில் சொல்வார்கள். அப்பா வந்தார்.

அந்த ஆடம் கொடைக்கானலில் படித்து, பதினோரு வயதில் இங்கிலாந்து போய், அமெரிக்காவில் 1981-ல் ‘ஆஸ்பர்ன் 1' கம்ப்யூட்டரை வெளியிட்டார். பதினொரு கிலோ எடை. ஆனாலும் கையில் தூக்கிப்போகலாம் என்று சொல்லி நன்றாக விற்ற முதல் கம்ப்யூட்டர் அதுதான். இரண்டே வருஷத்தில் கம்பெனி திவால். கடைசிக் காலத்துக்கு அவர் திரும்பி வந்தது கொடைக்கானலுக்கு. 2003-ல் அங்கேதான் காலமானார்.

மாடி வீட்டு அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். துபாஷி அன்று நல்ல மனநிலையில் இருந்தான், ஒழுங்காகவே மொழிபெயர்த்தான் என்று நம்புகிறேன். ஜப்பான் முகாம் என்றதும் சங்கடப்படுவாரோ என்று தயங்கினேன். அவருக்கு வந்த கேள்வி வேறு: "பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?" கொடைக்கானலில், ஆடமாவது அங்கே படித்தார் என்றேன். எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான்.

இப்போது அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டியதில்லை. 2009-ல் இங்கேயே தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியில் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் இந்த மாதிரிப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள், மரம் ஏறுகிறார்கள். ஆனால் விசா என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவருக்கு வீடு விட்டால் வீட்டுக்காரர் அரசுக்குப் படிவம் போட வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், வந்த தேதி, போகும் தேதி. போகும் தேதி என்ற கட்டத்தை நான் நிரப்பும்போதெல்லாம் பையன் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான். நான் என்ன செய்ய, விசாவில் இருப்பதைத்தானே போட முடியும்?

ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை. தங்கை பையனோடு வந்தாள். இரண்டாம் வகுப்பு. காஞ்சி என்கிற ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கு மேல் எழுதுவான், ‘அம்மா' என்று தமிழில் எழுதச் சொன்னால் பேனாவைத் தேடுவான். மாடிப் பையனோ ‘ழ' போட்டால் அச்சு மாதிரி இருக்கும், அவனை ஜப்பானிய எழுத்து எழுதவைக்க அவன் அம்மா தினமும் மிட்டாய் கொடுக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லித் தருவார்கள் என்று நாங்கள் மூவரும் ஆசைப்பட்டோம். நாலு நாள் கிரிக்கெட் ஆடினார்கள். அஞ்சாம் நாள் ‘அவுட்டா இல்லையா' என்று சண்டை. கோபத்தில் அவரவர் பள்ளிக்கூட மொழி வந்துவிட்டது. ஜப்பான்காரன் சுத்தமான திருவண்ணாமலைத் தமிழில், அச்சில் ஏற்ற முடியாததைச் சொல்லித் திட்டுகிறான். நம்ம பையன் டோக்கியோ பாஷையில் கத்துகிறான். இரண்டு அம்மாக்களும் ஓடி வந்தார்கள். தன் பிள்ளை என்ன சொல்கிறான் என்று தனக்கே தெரியாமல், என் தங்கை அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள், அந்த அம்மா இவள் முகத்தைப் பார்க்கிறார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் இருவரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள். மட்டையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். "ஆன்ட்டி, அவன்தான் அவுட்டு" என்று ஒருவன், "பெரியம்மா, இல்லவே இல்லை" என்று இன்னொருவன். இந்த முறை இரண்டும் தமிழ்.