அவசரமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்
வளரிளம் வீரர்களின் முழங்கால் சில்லு விலகலும் அறுவை சிகிச்சை முடிவும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் எனத் தென்சென்னைப் புறநகரெங்கும் பள்ளி மைதானங்களில் கபடியும் கைப்பந்தும் கால்பந்தும் ஆடும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. அதன் மறுபக்கமாக, முழங்கால் வீங்கிய நிலையில் பெற்றோரின் தோளைப் பற்றிக்கொண்டு எலும்பியல் பிரிவுக்கு வரும் வளரிளம் பருவத்தினரையும் காண்கிறோம். அவர்களில் சிலருக்கு நேர்ந்திருப்பது முழங்கால் சில்லு விலகல். அவர்களுடைய பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கின்றனர். அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது ஒன்று. அடுத்த போட்டிக்குள் சரியாகிவிடுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துவைத்து, முதல் கேள்விக்கு முழங்காலை மட்டும் பார்த்து விடை காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முழங்காலின் முன்புறம் வட்டமாகத் தட்டுப்படும் எலும்பே சில்லு. காலை மடக்கி நீட்டும்போது அது தொடையெலும்பின் கீழ்முனையிலுள்ள ஒரு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. வெளிப்புறமாக நழுவிவிடாமல் உட்புறத்திலிருந்து இழுத்துப் பிடிப்பது ஒரு ஜவ்வு. ஓடும்போது சட்டென்று திரும்பினாலோ, தாவி இறங்குகையில் முழங்கால் உட்புறமாக மடங்கினாலோ சில்லு பள்ளத்தை விட்டு வெளியே போகலாம். பெரும்பாலும் காலை நீட்டியதும் அது தானாகவே இடத்திற்குத் திரும்பிவிடும். ஆனால் உட்புற ஜவ்வு கிழிந்தோ தளர்ந்தோ இருக்கும். செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கும் 'முழங்கால் ஜவ்வுக் கிழிசல்' பெரும்பாலும் மூட்டின் நடுவிலுள்ள வேறொரு ஜவ்வைக் குறிப்பது. இரண்டும் வேறு, சிகிச்சையும் வேறு. பக்கத்து வீட்டுப் பையனுக்குச் செய்ததையே நம் பிள்ளைக்கும் செய்ய வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை.

முதல் முறை விலகியவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை உடனடித் தேவையன்று. சில வாரங்கள் முழங்கால் உறையணிந்து, வீக்கம் வடிந்ததும் முறையான இயன்முறைப் பயிற்சி செய்து, மூன்று நான்கு மாதங்களில் படிப்படியாகக் களத்திற்குத் திரும்பலாம். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே மீண்டும் விலகல் ஏற்படுகிறது. அதாவது, முதல் விலகலுக்கே எல்லோருக்கும் அறுவை சிகிச்சை செய்தால், பலருக்குத் தேவையில்லாத ஒன்றைச் செய்தவர்களாவோம்.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு உண்டு. சில்லு நழுவும்போது குருத்தெலும்பின் ஒரு துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் கிடக்கலாம். அதை உரிய காலத்தில் பொருத்தவோ அகற்றவோ வேண்டும். இளம் வயதில் காயத்திற்குப் பின் முழங்கால் விரைவாகவும் மிகுதியாகவும் வீங்கினால், எக்ஸ்ரேயுடன் நிறுத்திக்கொள்ளாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது இதற்காகவே. அந்தச் செலவைக் குறைக்க எண்ணும் குடும்பங்களின் நிலை புரிகிறது. எனினும், முடிவு முழுவதும் தங்கியிருக்கும் பரிசோதனை இதுதான்.

இந்த இடத்தில் புத்தூர் கட்டைப் பற்றியும் பேச வேண்டும். சில்லு இடத்திற்குத் திரும்பியதும் வலி குறைகிறது. கட்டுப் போட்டதால் குணமாயிற்று என்று குடும்பம் நம்புகிறது. உண்மையில் சில்லு பெரும்பாலும் தானாகவே திரும்பியிருக்கும். பெயர்ந்த குருத்தெலும்பையோ கிழிந்த ஜவ்வையோ கட்டு காட்டிக்கொடுக்காது. வாரக்கணக்கில் அசையாமல் கட்டியிருந்தால் தொடைத் தசை மெலிந்து, சில்லைத் தாங்கும் வலுவும் குறைந்துபோகும்.

அப்படியானால் அறுவை சிகிச்சை எப்போது சரியான முடிவாகிறது? இரண்டாம் முறை விலகும்போது கணக்கு மாறுகிறது. இருமுறை விலகிய முழங்கால் மேலும் விலகும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு விலகலிலும் குருத்தெலும்பு உரசிச் சேதமடையக்கூடும். அழிந்த குருத்தெலும்பை எந்த அறுவை சிகிச்சையாலும் பழையபடி ஆக்கித்தர முடியாது. எனவே, முதல் விலகலுக்குப் பின் பொறுமையைப் பரிந்துரைக்கும் நாமே, இரண்டாம் விலகலுக்குப் பின் காலம் தாழ்த்துவதை எதிர்க்கிறோம். 'இன்னும் ஒரு சீசன் பார்ப்போம்' என்பது அந்த நிலையில் எச்சரிக்கையாகாது.

பிறவி அமைப்பும் கணக்கில் சேரும். பள்ளம் ஆழமின்றித் தட்டையாக இருத்தல், சில்லு இயல்பைவிட மேலே அமைந்திருத்தல், சில்லிலிருந்து இறங்கும் தசைநார் கணைக்கால் எலும்பில் பொருந்தும் மேடு வெளிப்புறமாகத் தள்ளியிருத்தல், உடலெங்கும் மூட்டுகள் மிகையாக வளைதல் ஆகியவற்றை மருத்துவர் அளந்து பார்ப்பார். அந்த மேடு பள்ளத்தின் மையத்திலிருந்து 20 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அது மிகை எனக் கருதப்படுகிறது. வளர்ச்சி முடியாத வயதும் தட்டையான பள்ளமும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், முதல் விலகலுக்குப் பின்னரே மறுவிலகல் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கை எட்டக்கூடும். அத்தகைய பிள்ளைக்கு 'மூவரில் ஒருவர்' என்ற ஆறுதல் பொருந்தாது. ஆகவே பொதுக் கணக்கை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், 'என் பிள்ளையின் முழங்காலில் இவற்றில் எவை உள்ளன?' என்று கேளுங்கள்.

வயதைப் பொறுத்து அறுவை சிகிச்சையின் வகையும் மாறுகிறது. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்புறத் தசைநாரிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவது இன்று பரவலான முறை. அதைத் தொடையெலும்பில் பொருத்தும் இடத்திற்கு மிக அருகிலேயே எலும்பின் வளர்ச்சித் தட்டு உள்ளது. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 16 வயதிலும் அது மூடத் தொடங்கும். அதற்கு முன்னர் அத்தட்டைத் தொடாத வகையில் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். எலும்பு மேட்டை வெட்டி நகர்த்தும் சிகிச்சையோ வளர்ச்சி முடிந்த பின்னரே செய்யத்தக்கது. வளரும் பிள்ளைகளின் முழங்காலில் அனுபவமுள்ள மருத்துவரை நாடுங்கள் என்பது இதனாலேயே.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் போட்டிகள் வெறும் பதக்கத்திற்கானவை அல்ல. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் கல்லூரி வாயிலைத் திறக்கலாம். இந்தக் கவலையைப் பேராசை என்று ஒதுக்குவது நியாயமன்று. ஆனால் அந்தக் கவலை முடிவை இரண்டு திசைகளிலும் கெடுக்கிறது. ஒரு வீட்டில், 'அறுவை சிகிச்சை செய்தால் சீக்கிரம் ஆடலாம்' என்று அவசரப்படுகிறார்கள். உண்மையில் அறுவை சிகிச்சைக்குப் பின் முழுமையாகக் களம் காண வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். பயிற்சியால் மட்டும் தேறுபவரைவிட இது கூடுதலான காலம். இன்னொரு வீட்டில், மீண்டும் மீண்டும் நழுவும் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஆடச் சொல்கிறார்கள். அந்த ஆண்டுச் சான்றிதழ் கிடைக்கலாம். இருபது வயதிலேயே குருத்தெலும்பு தேய்ந்த முழங்காலும் உடன் கிடைக்கலாம்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் பேட்ரிக் மஹோம்ஸை உதாரணம் காட்டும் பிள்ளைகளும் உண்டு. 2019 அக்டோபர் 17 அன்று ஆட்டத்தின் நடுவே அவருடைய சில்லு விலகியது. அறுவை சிகிச்சையின்றி நவம்பர் 10 அன்றே களமிறங்கினார். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியையும் அவருடைய அணி வென்றது. உண்மைதான். ஆனால் அவர் வளர்ச்சி முடிந்த 24 வயதுத் தொழில்முறை வீரர். நாள் முழுவதும் உடனிருக்கும் மருத்துவக் குழுவும் அவருக்கு இருந்தது. பதினான்கு வயது மாணவியின் முழங்காலுக்கு அதை அளவுகோலாக்க முடியாது.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் வேறொரு வழியைத் தேர்கின்றனர்: 'விளையாட்டையே விட்டுவிடட்டும்; தழும்பும் வேண்டாம், சிகிச்சையும் வேண்டாம்.' விளையாட்டை நிறுத்துவது சிகிச்சையாகாது. நிலையற்ற சில்லு மைதானத்தில் மட்டும் நழுவுவதில்லை. மாடிப்படி இறங்கும்போதும், மின்சார ரயிலில் நெரிசலுக்கிடையே ஏறும்போதும், தரையிலிருந்து எழும்போதும் நழுவும். ஒரு சிறிய தழும்புக்கு அஞ்சி அந்தப் பெண்ணின் நடையையே பணயம் வைக்கலாகாது.

அச்சத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. 2022 நவம்பரில், சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால் அகற்றப்பட்டு, பின்னர் அந்த இறப்பு நேர்ந்தது. அந்தச் செய்தியை இன்றும் பல தாய்மார்கள் நினைவூட்டுகிறார்கள். அவர்கள் அஞ்சுவது இயல்பே. அதற்காகத் தேவையான சிகிச்சையைத் தவிர்ப்பதைவிட, எதைக் கண்காணிக்க வேண்டும் என்று அறிந்துகொள்வதே பாதுகாப்பு. சிகிச்சைக்குப் பின் மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனால், கால்விரல்கள் மரத்துப்போனால், வெளிறினால் அல்லது நீலம் பூத்தால், குளிர்ந்தால், விரல்களை அசைக்க முடியாவிட்டால் உடனே செவிலியரையும் மருத்துவரையும் அழையுங்கள். வீடு திரும்பியிருந்தால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கமும் வேண்டாம். கட்டைத் தளர்த்திப் பார்க்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

இந்த முடிவில் பலநேரம் கேட்கப்படாத குரல் பிள்ளையுடையது. 18 வயது நிறையாதவருக்கு ஒப்புதல் படிவத்தில் பெற்றோரே கையெழுத்திடுகின்றனர். ஆனால் பல மாதங்கள் தினமும் தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி செய்யப்போவது அந்தப் பிள்ளைதான். மனமில்லாத பிள்ளைக்குச் செய்யும் மிகச் சிறந்த அறுவை சிகிச்சையும் பாதிப் பலனையே தரும். அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, முழங்கால் நழுவுவதை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடன் மருத்துவர் சில நிமிடங்கள் தனியே பேச இடம் கொடுங்கள். பயிற்சியாளரிடமும் நிலைமையைச் சொல்லுங்கள்; ஓய்வு தரச் சொல்லும் கடிதத்தை மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். குருத்தெலும்பு பெயர்ந்திருக்கிறதா? வளர்ச்சித் தட்டு திறந்திருக்கிறதா? சிகிச்சை செய்யாவிட்டால் மீண்டும் விலகும் வாய்ப்பு எவ்வளவு? செய்தால் விறைப்பு, தொற்று, சில்லு முறிவு, மறுவிலகல் ஆகியவற்றின் வாய்ப்பு எவ்வளவு? எந்தச் சோதனையில் தேறினால் களத்திற்குத் திரும்பலாம்? கடைசிக் கேள்வி முக்கியமானது. நாட்கள் கடந்துவிட்டன என்பதால் மட்டும் திரும்பக் கூடாது. காயமடைந்த காலின் வலிமை மற்ற காலின் வலிமையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். தாவுதலும் திரும்புதலும் அச்சமின்றி நிகழ வேண்டும்.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை அதில் அடங்குகிறதா என்பதைக் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டறியலாம். அறுவை சிகிச்சைக்கு மட்டும் பணம் திரட்டி, பின்வரும் மாதங்களின் இயன்முறைப் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் ஒன்றும் வைக்காமல் இருந்துவிடக் கூடாது. பயிற்சியைத் தொடர வழியில்லையென்றால் முன்பே சொல்லுங்கள். வீட்டிலேயே செய்யும் முறையைக் கற்றுத்தர முடியும்.

அறுவை சிகிச்சை வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. குருத்தெலும்பு பெயராத முழங்காலுக்கு இரண்டு வாரம் யோசிப்பதால் கேடு வருவதில்லை. அந்த அவகாசத்தில் எம்.ஆர்.ஐ. படத்தையும் எழுதிய கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் உடன் அமர்த்திப் பேசி முடிவெடுங்கள்.