லாவெண்டர் வாசமும் இரவு மாத்திரையும்

என் வயதொத்தவர்கள் பலருடைய தலைமாட்டில் இப்போது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. மகளோ மருமகளோ வாங்கிக் கொடுத்த லாவெண்டர் எண்ணெய். "டென்ஷன் குறையும், தூக்கம் வரும்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் புட்டி வந்த கையோடு பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'லவாந்த்' பழகிய சொல். தெற்குப் பிரான்ஸில் ப்ரோவான்ஸ் பகுதியில் கோடையில் பூக்கும் ஊதாப்பூ அது. 'அரோமாதெராப்பி' என்ற பெயரைப் பரப்பியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்: ரெனே மொரீஸ் கத்ஃபொஸே என்ற வேதியியல் நிபுணர். 1910-ல் ஆய்வுக்கூட விபத்தில் அவருக்குத் தீக்காயம் பட்டு, புண் அழுகத் தொடங்கியது. லாவெண்டர் எண்ணெய் போட்டதில் அது கட்டுப்பட்டதாக 1937-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதினார். கவனியுங்கள், அந்தக் கதை புண்ணைப் பற்றியது. மனக்கவலையைப் பற்றியது அல்ல.

மனக்கவலைக்கு அது உதவாதா? ஓரளவு உதவும். லாவெண்டரில் முக்கியமாக இருப்பவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருள்கள். லினலூல் நம் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் நிறைய உண்டு. வாசனை நரம்புக்கு மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளோடு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. முகர்ந்தவர்களுக்குப் பதற்றம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல சிறியவை. இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை என்றால் எது மருந்து, எது வெறும் மாவு என்று நோயாளிக்குத் தெரியாமல் கொடுத்துச் சோதிக்கலாம். வாசனையை எப்படி மறைப்பது?

வாங்குகிறவர்கள் லேபிளைப் படியுங்கள். உண்மையான லாவெண்டருக்கு 'லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்று போட்டிருக்கும். 'லவாந்தின்' என்பது கலப்பினம். எண்ணெய் அதிகம் கிடைப்பதால் விலை குறைவு, கற்பூர நெடி கூடுதல். வெறும் 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்றிருந்தால் அது செயற்கை வாசனையாக இருக்கலாம். இப்போது ஜம்முவின் தோடா மாவட்டத்திலும் லாவெண்டர் பயிராகிறது, பிரான்ஸிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

கைக்குட்டையில் இரண்டு சொட்டு போதும். தோலில் தடவுவதானால் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவுங்கள். குடிக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

என் அபிப்பிராயம் இதுதான். டி.வி.யையும் கைபேசியையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்மூடி உட்காருகிறோமே, பாதி நிம்மதி அதில் வருகிறது. அந்தப் பழக்கத்துக்கு லாவெண்டர் நல்ல துணை. ஆனால் நம் வயதில் கவலைகள் எங்கிருந்து வருகின்றன? பிள்ளைகள் தூரத்தில் இருப்பதும், பேச ஆளில்லாததும், இன்றைய தேதியில் ஆஸ்பத்திரிச் செலவும்தான். இவற்றை எந்தப் புட்டியும் தீர்க்காது. சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நாலு பேரோடு நடந்துவிட்டு வாருங்கள். இரவு மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அதன்பிறகு லாவெண்டரை ஆசை தீர முகர்ந்துகொண்டே தூங்குங்கள். யார் வேண்டாம் என்றது?