தொப்பூர் கணவாய்: ஆற்றுக் கல்லுக்கு அடியில் ஒரு தண்ணீர் ரிப்போர்ட்!

தொப்பூர் என்றாலே ஞாபகத்துக்கு வருவது லாரி விபத்துகள்தான். 2024 ஜனவரியில் நான்கு பேர் உயிரிழந்த விபத்தின் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அதே கணவாய்ப் பகுதியில் ஓர் ஆறும் ஓடுகிறது: தொப்பையாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கும் மழைக்கால ஆறு. சேலம் நகரம் குடிப்பது அந்த மேட்டூர் தண்ணீரைத்தான்.

இதுபோன்ற ஆறு காய்ந்து, மறுபடி ஓட ஆரம்பித்த சில வாரங்களில் ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் குட்டிக் குட்டிப் புழுக்கள் நெளியும். பூச்சிகளின் லார்வாக்கள் இவை. நேற்று வரை பொட்டல் மணல், இன்று எங்கிருந்து வந்தன?

வழிகள் பல. மேலே வற்றாத சுனைகளிலிருந்து தண்ணீரோடு மிதந்து வருபவை உண்டு. மணலுக்கு அடியில் ஈரம் இருந்த இடத்தில் பதுங்கியிருந்தவை உண்டு. சில இனங்களின் முட்டைகள் வறட்சியைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். மீதி, பறந்து வந்த தாய்ப்பூச்சிகள் இட்ட முட்டைகள். மேஃப்ளை எனும் பூச்சி நீருக்குள் பல வாரங்கள் வளர்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளில் செத்துப்போகும். சாப்பிட வாய்கூடச் சரியாக இருக்காது. முட்டையிடுவது மட்டும்தான் வேலை.

குடியேறுவதிலும் வரிசை உண்டு. வேகமாக வளரும் கொசு மாதிரியான பூச்சிகள் முதலில் வரும். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சிவப்பு 'பிளட் வார்ம்' இந்தக் கூட்டம்தான். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டும் காடிஸ் போன்றவை பெரும்பாலும் பிறகுதான். நடுவில் பெருவெள்ளம் வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். கணக்கு மறுபடி முதலிலிருந்து.

சரி, இதனால் நமக்கு என்ன? டேங்கர் கவிழ்ந்து ரசாயனம் ஆற்றில் கலந்தால், மறுநாள் பாட்டிலில் பிடித்த தண்ணீரில் அது தெரியாமலே போகலாம். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்த பூச்சிகள் தப்ப முடியாது. அதனால்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆற்றின் அடியில் வாழும் உயிர்களுக்கு மதிப்பெண் போட்டு நீரின் தரத்தை அளக்கும் முறையையும் வைத்திருக்கிறது. சுத்தமான நீரில் மட்டும் வாழும் மேஃப்ளை குடும்பங்களுக்கு 10 வரை மார்க். பிளட் வார்முக்கு 2. ஆக்சிஜன் குறைந்த சாக்கடையிலும் அது பிழைக்கும், காரணம் அதன் உடம்பில் உள்ள ஹீமோகுளோபின்.

விபத்தைத் தடுக்க, கணவாயில் உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கையில் எடுத்திருக்கிறது. சாலை தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மலையைத் தோண்டும்போது மழையில் கரையும் மண் கல் இடுக்குகளை அடைத்துவிடும். லார்வாக்களின் வீடே அந்த இடுக்குதான். எனவே வேலைக்கு முன்னும் பின்னும் பூச்சிக் கணக்கு எடுக்க வேண்டும், அதுவும் ஒரே பருவத்தில். வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பிப்ரவரியில் ஒன்று, அடைமழை நவம்பரில் இன்னொன்று என்று எடுத்தால், பூச்சிகளைக் குறைத்தது மழையா, மண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது.