ஜாமீன் கிடைத்த பிறகு

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள் உண்டு. அனல் மின்நிலையம், காமராஜர் துறைமுகம் என்று வேலைக்குப் போகிறவர்களில் பீகாரிகளும் ஒடியாக்களும் ஏராளம். இவர்களில் ஒருவர் அடிதடி வழக்கில் மாட்டினால், ஜாமீன் வாங்குவது அனுபவமுள்ள கிரிமினல் வக்கீலுக்குப் பெரிய வேலையில்லை. உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் தலைவலியே.

'இரண்டு பேர் ஜாமீன்' என்றிருக்கும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சில உத்தரவுகளில் சேர்ந்துவிடும். அண்ணன் இருப்பதோ பாட்னாவுக்கும் அப்பால். அவருடைய நிலப் பத்திரம் இந்தியில். வீட்டு ஓனர் கையெழுத்துப் போட மாட்டார். காண்ட்ராக்டர் போனையே எடுக்க மாட்டார். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் சகிதம் யாராவது வருவார்களா என்று குமாஸ்தா நீதிமன்ற வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். கட்சிக்காரர் புழலில் நாள் எண்ணுவார். வாடகை ஜாமீன்தாரர்கள் முளைப்பது இந்த இடைவெளியில்தான். சாட்சியைக் கூண்டில் வைத்து மடக்கும் சினிமா வக்கீலுக்கு, பாவம், இந்த அலைச்சல் தெரியாது.

வி.ஆர்.கிருஷ்ணய்யருக்குத் தெரிந்திருந்தது. சென்னையில் சட்டம் படித்து, 1938-ல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் தொழிலைத் தொடங்கியவர். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-ல் ஒரு மாதம் அவரையே உள்ளே வைத்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1978-ல் அவர் எழுதிய மோத்தி ராம் தீர்ப்பில், உள்ளே இருந்து பார்த்த வக்கீலின் கோபம் தெரிகிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஏழைக் கொத்தனாரிடம் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அவருக்காகச் சகோதரர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்துவிட்டார். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஒரு தமிழரோ மலையாளியோ சாந்தினி சவுக்கில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்றும் கேட்டார். இன்று அத்திப்பட்டில் அதே கேள்வி திசை மாறி நிற்கிறது. அன்று தமிழருக்காகக் கேட்டது நமக்கு நியாயமாகப் பட்டது. பீகாரிக்காகக் கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று 31.01.2023 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நல்லதுதான். ஆனால் தினக்கூலிக்கு ஒரு மாதம் என்பது போன வேலை, காலி செய்யப்பட்ட அறை, ஊருக்குப் போகாத பணம். அதுவரை வக்கீல் ஏன் காத்திருக்க வேண்டும்? ஜாமீன் மனுவிலேயே சொந்தப் பிணை கேட்கலாம். இந்த ஊரில் அவருக்கு வேர் இருக்கிறது என்று காட்ட நிலப் பத்திரம்தான் வேண்டுமா? பி.எஃப். எண், சம்பளம் ஏறிய பாஸ்புக், துறைமுக கேட் பாஸ் எல்லாம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைக்க ஐந்து நிமிடம் ஆகாது.