ஏஜெண்டு சொல்லாத சட்டம்

நம் சௌல்தாரியிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாடு போய்ப் படிக்க வேண்டுமென்றால் தாலிக்கொடி முதல் அடகுக்குப் போகிறது. அந்தப் பிள்ளை திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்தால்? மார்க் ஷீட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொன்று. விசா அதிகாரி கண்ணுக்கு அது மோசடியாகவே படலாம். கமிஷன் வாங்கும் ஏஜெண்டு இதையெல்லாம் எடுத்துச் சொல்வாரா?

அமெரிக்க அதிபர் 2025 ஜனவரி 20 அன்று போட்ட ஆணை, விசாவிலும் பிறப்புப் பாலினத்தையே குறிக்கச் சொன்னது. அங்கே அடைக்கலம் கேட்பவர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, போய் இறங்கிய ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தேதி தவறினால் யாரை நோவது? எனவே விண்ணப்பத்தைத் தொடும் முன்பே வக்கீலைப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

வக்கீலுக்குக் காசு? திருநர் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் போய் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பு வாங்கியதே, ஏழைகளுக்கு இலவச வக்கீல் தரும் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்தான். அதன் தொலைபேசி எண் 15100. இங்குள்ள பெயர், பாலினத் திருத்தங்களுக்கு அங்கே வழி கேட்கலாம். அமெரிக்கா போன பிறகு, அங்குள்ள சட்டக் கல்லூரிகள் பலவற்றில் குடியேற்ற வழக்குகளுக்கு இலவச உதவி மையம் உண்டு.

பெற்றவர்களே துரத்திவிட்ட பிள்ளைக்கு இதை யார் சொல்வது? சங்கம்தான் சொல்ல வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எதிர்ப்பவர்கள் வந்து பேசட்டும்.