பறக்கும் விமானமே செல்போன் டவர் ஆகுமா? ஸ்டார்ட்அப்பில் சேரும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

ஹப்சிகுடாவில் வாடகைக்கு இருந்து வேலைக்குப் போய்வருகிறீர்கள். ஒரு நாள் நண்பர் போன் செய்கிறார். "விமானத்தையே டவரா மாத்துற கம்பெனி மச்சி. சம்பளம் கம்மி, ஆனா ஷேர் தர்றாங்க. வந்துடு." போகலாமா?

ஐடியா இதுதான்: பயணிகள் விமானம் ஒவ்வொன்றிலும் ஒரு ரேடியோ கருவி. ஒரு விமானம் அடுத்ததற்கு, அது அதற்கடுத்ததற்கு என டேட்டாவைக் கைமாற்றும். இதுதான் மெஷ் நெட்வொர்க். அறிவியல் இதற்குத் தடையில்லை. 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு இடையே சுமார் 700 கி.மீ. வரை நேர்க்கோட்டுப் பார்வை கிடைக்கும். ஹைதராபாத் - சென்னை வான்வழித் தூரமே சுமார் 500 கி.மீ.தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

1. அதிகாலை 3 மணிக்கு விமானம் எங்கே?

அப்போது வானில் விமானங்கள் குறைவு. நடுவில் ஒன்று இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். நெட்வொர்க் உங்களுடையது, ஆனால் விமானமும் நேர அட்டவணையும் ஏர்லைன்ஸுடையது. கருவியைப் பொருத்த விமானப் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும்.

2. ஒரே இடத்தில் நிற்க வைக்க முடியுமா?

விமானம் கடந்து போய்விடும் என்பதால் சிலர் பலூன், சோலார் விமானம் பக்கம் போனார்கள். ஹப்சிகுடாவிலிருந்து சில கி.மீ. தூரத்தில், ஈசிஐஎல் பகுதியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் மையம் இருக்கிறது. அங்கிருந்து ஆய்வு பலூன்கள் 30 கி.மீ.க்கு மேலேயே போயிருக்கின்றன. ஆக, ஏறுவது பிரச்னை இல்லை, மாதக்கணக்கில் நிற்பதுதான் பிரச்னை. ஏர்பஸ்ஸின் செஃபிர் சோலார் விமானம் 2022-ல் 64 நாள் பறந்தது. நம் சிஎஸ்ஐஆர்-என்ஏஎல் சிறிய மாதிரி ஒன்றை 2024 பிப்ரவரியில் சித்ரதுர்கா அருகே பறக்கவிட்டது. அது எட்டரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. இலக்கு 90 நாள்.

3. காசு யார் தருவார்?

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் லூன் பலூன் ஒன்று 312 நாள் வானில் இருந்தது. 2020-ல் கென்யாவில் வணிகச் சேவையும் தொடங்கியது. ஆனால் 2021 ஜனவரியிலேயே மூடுவிழா அறிவிப்பு வந்தது. தொழில்நுட்பம் ஓடியது, செலவு கட்டுப்படியாகவில்லை. ஃபேஸ்புக் தன் அகிலா விமானத் திட்டத்தை 2018-லேயே கைவிட்டது. இந்தியாவில் டேட்டா விலை குறைவு. போதாக்குறைக்கு ஸ்டார்லிங்க்கும் 2025 ஜூனில் உரிமம் வாங்கிவிட்டது.

பயணிகள் விமான மெஷ் ஐடியாவையே விற்ற அமெரிக்க நிறுவனம் ஏர்போர்ன் வயர்லெஸ் நெட்வொர்க். அதன் மீது பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான எஸ்இசி 2021 மார்ச்சில் மோசடி வழக்குத் தொடுத்தது.

அப்போ எல்லாமே வீண்தானா? இல்லை. 2017-ல் புயலால் டவர்கள் சாய்ந்த போர்ட்டோ ரீக்கோவில் லூன் பலூன்கள் கைகொடுத்தன. பேரிடர், எல்லைக் கண்காணிப்பு போன்ற தேவைகளுக்கு அரசு பணம் கொடுக்கும். வீட்டு பிராட்பேண்டுக்கு மாற்று என்றால் கணக்கு இடிக்கிறது.

எனவே நண்பரிடம் டெமோ வீடியோவைக் கேட்காதீர்கள். எந்த ஏர்லைன்ஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறது, பாதுகாப்பு அனுமதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, முதல் வாடிக்கையாளர் யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால், கையில் இருக்கும் வேலையை விட வேண்டாம்.