தீர்ப்பை வாசிச்சுப்போட்டுக் கொண்டாடுவம்

2025 மார்ச்சில் எங்கட முகநூல் முழுக்க ஒரே கொண்டாட்டம். கனடா உச்ச நீதிமன்றமே இனப்படுகொலையை ஏற்றுவிட்டதாம். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த உத்தரவைத் திறந்து பார்த்தவை?

ஒன்ராறியோ சட்டமன்றம் 2021 இல், மே 18 உடன் முடியும் ஏழு நாட்களைத் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரமாக்கியது. கனடாவிலுள்ள சில இலங்கையர் அமைப்புகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. அங்கே முதன்மைக் கேள்வி, இப்படியொரு சட்டம் இயற்ற மாகாணத்துக்கு அரசமைப்பில் அதிகாரம் இருக்கா என்பதுதான். இருக்கு என்று 2022 இல் கீழ் நீதிமன்றம் சொன்னது. 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே, காரணம் மட்டும் வேற. உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்கவே இல்லை. மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது, அவ்வளவுதான். மறுப்புக்குக் காரணம் சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை. முள்ளிவாய்க்காலில் நடந்தது சட்டப்படி இனப்படுகொலையா என்பதை இந்த வழக்கில் எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை.

கனடாவில் ரெண்டு பேர் நடத்தும் ஒரு சின்னச் சட்ட நிறுவனம்கூட, தன் கட்சிக்காரருக்கு எழுதும் குறிப்பில் அனுமதி மறுப்பைத் தீர்ப்பெண்டு எழுதாது. எழுதினால் கட்சிக்காரர் வேற ஆளைத் தேடுவினம். எங்கட ஊடகங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

இதைச் சொன்னால் துரோகிப் பட்டம் வரும். வரட்டும். அந்தச் சட்டம் நிலைச்சது பெரிய விசயம்; அதுக்காக உழைச்ச ஆக்களை மதிக்கிறம். ஆனால் இல்லாத தீர்ப்பைக் காட்டி நாளைக்கு ஜெனீவாவில் வாதாடினால், எதிர்த்தரப்பு அந்த உத்தரவையே எடுத்து நீட்டும். அப்ப, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின் அம்மாக்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?